தப்பு எங்களுதுதானுங்க

ஆபீஸில் போன் அடித்தால் அவள் முதலில் செருப்பைக் கழற்றுவாள். அப்புறம் எழுந்து நிற்பாள். அதற்கப்புறம்தான் போனை எடுப்பாள். அந்தப் பக்கம் ஒருவன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருப்பான். இவள் வெறுங்காலோடு நின்றுகொண்டு, "தப்பு எங்களுதுதானுங்க, மன்னிச்சுக்கோங்க" என்பாள். என்ன தப்பு என்று அவனுக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. வெப்சைட்டை எழுதியவன் நான், எனக்கும் தெரியாது. ஆனால் தப்பு எங்களுடையது என்று முடிவாகிவிடும்.

எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. முதல் வாரமே சொல்லிவிட்டேன்.

"ஏன் அம்மணி, என்ன ஏதுன்னு பாக்கறதுக்குள்ள ஒத்துக்கிட்டா, நான் என்னமோ குப்பையா எழுதி வெச்ச மாதிரி ஆகாதா?"

"கோவமா இருக்கறவங்க காதுல ஒண்ணும் ஏறாதுங்ணா. மன்னிப்புக் கேட்டா சத்தம் கொறையும். சத்தம் கொறைஞ்சாத்தான் எதை அமுத்துனாங்க, என்ன வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அது தெரிஞ்சாப் போதும்ங்ணா, மீதிய நாம பாத்துக்கலாம்."

அவள் சொன்னது பொய்யும் இல்லை. ஒரு பல் டாக்டர் எங்களை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய டோக்கன் சைட் காலையிலிருந்து திறக்கவில்லையாம், கேஸ் போடுவேன் என்றார். இவள் நின்றுகொண்டு மன்னிப்புக் கேட்டாள். இரண்டு நிமிடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. காலையில் கூட்டுகிற அம்மா மேசையை நகர்த்தினார்கள் என்று அவரே சொன்னார். இன்டர்நெட் ஒயர் கழன்று கிடந்தது. நானாக இருந்தால் சிரித்திருப்பேன். அவள், "ஒயர் கழண்டா ஒயர் கழண்டிருச்சுன்னு எங்க சைட்டு சொல்லியிருக்கோணுமுங்க. அது எங்க தப்புதானுங்க" என்றாள். அந்த டாக்டர் அதற்குப் பிறகு வேறு யாரிடமும் பேச மாட்டார். அந்தப் புள்ளையைக் கூப்பிடு என்பார்.

எங்கள் கம்பெனி சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. சுற்றிலும் பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் அட்டை மாட்டிய கூட்டம். எங்களுக்கு அட்டையெல்லாம் கிடையாது. கீழே தேங்காய் பன் வேகும்போது மேலே எல்லாருக்கும் பசிக்கும், அவ்வளவுதான் எங்களுக்கான வசதி. மண்டபம், கிளினிக், தறிக்காரர்கள், சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் சைட் எழுதிக்கொடுத்து, அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது வேலை. நான் எழுதுவேன். வருகிற புகாரையெல்லாம் அவள் வாங்குவாள்.

அவளுக்கு அந்தியூர்ப் பக்கம். அங்கே சந்தையில் குதிரை அவள் காலை மிதித்ததாகவும் அவள் குதிரையிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. ஒருநாள் சாப்பிடும்போது இன்னொருத்தன் அவளிடமே கேட்டான்.

"நெசமாலுமே குதிரைகிட்டச் சாரி கேட்டியா அம்மணி?"

"கேட்டனுங்ணா."

"குதிரை என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலீங்ணா. காலை எடுத்துருச்சு."

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அவளுக்கு இது கோழைத்தனம் இல்லை என்று எனக்கு அப்போதே லேசாகப் புரிந்தது. மிதிக்கிற காலை எடுக்கவைக்க அவளிடம் இருந்த வழி அது. ஆனால் குதிரைக்கும் மனிதனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. குதிரை, நீதான் ஒத்துக்கொண்டாயே என்று அடுத்த மாதம் வந்து நிற்காது.

அந்த வருடம்தான் பிரவுசர்களுக்குப் புத்தி முளைத்தது. யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. காலையில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், பிரவுசர் தானாகவே அப்டேட் ஆகி, ஓரத்தில் ஏஐ உதவியாளர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். நீ படிக்கிற பக்கத்தை அதுவும் படிக்கும். சுருக்கிச் சொல்லட்டுமா என்று கேட்கும். நீ எழுதுகிற பெட்டிக்குள் வந்து, நான் நன்றாக எழுதித்தரட்டுமா என்று கேட்கும். பஸ்ஸில் தோள் வழியாகத் தலையை நீட்டி நம் போனைப் படிக்கிறவனைப் போல. அவனையாவது முறைக்கலாம்.

எங்களுக்கு வந்த முதல் புகார், சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் ஒரு அண்ணனுடையது. அவர் தன் சைட்டில் மதிய மெனுவுக்கான பெட்டியில் "தயிர் சாதம், ஊறுகாய்" என்று அடித்திருக்கிறார். ஓரத்தில் வந்த எதையோ அமுக்கியிருக்கிறார். அது "மதிப்பிற்குரிய விருந்தினர்களே" என்று ஆரம்பித்து அரைப் பக்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டது. கல்யாண வீட்டுக்கு அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாண வீட்டுக்காரர் போன் போட்டு, "தயிர் சாதம் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாராம்.

அதற்கும் இவள் மன்னிப்புக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதை எழுதுனது பிரவுசரு. பிரவுசரைப் பண்ணினவன் எங்கியோ கெடக்கறான். நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கறே?"

"அவுங்க நம்பரு இவுருகிட்ட இல்லீங்களேண்ணா. நம்ம நம்பருதான இருக்குது."

உலகம் முழுக்க இருக்கிற பிரவுசருக்குள் எதையோ திணித்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். அது உடைக்கிற இடத்தில் யாருடைய நம்பர் இருக்கிறதோ அவன்தான் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

இனி சோமனூர் விஷயம்.

அங்கே, சாயம் போடாத காடாத் துணி விற்கும் வியாபாரி ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். நாற்பது ஐம்பது தறிக்காரர்கள் அவருக்குக் கூலிக்கு ஓட்டுகிறார்கள். நூல் வியாபாரியுடையது, தறி அவர்களுடையது. தறியில் நீளவாக்கில் ஏறுகிற நூலுக்குப் பாவு என்று பெயர். பெரிய உருளையில் சுற்றி வரும். பாவு தீர்ந்தால் தறி நின்றுவிடும். தீரப்போகிறது என்றால் தறிக்காரர் தன் போனில் எங்கள் சைட்டைத் திறந்து, பாவு வேண்டும் என்று அமுக்குவார். வியாபாரியின் ஆபீஸில் மேனேஜர் ஒருவர் இருக்கிறார், வயதானவர், எல்லாரும் மரியாதை வைத்திருக்கிற மனிதர். அவர் திரையில் கேட்டவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். முதல் பெயரைப் படித்து டெம்போக்காரரிடம் சொல்லுவார். சொல்லிவிட்டு "அனுப்பியாச்சு" என்ற பட்டனை அமுக்குவார். அந்தப் பெயர் போய்விடும், அடுத்த பெயர் மேலே ஏறும். இவ்வளவுதான். வருடக்கணக்காக ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடியது.

ஒருநாள் மேனேஜர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். வியாபாரியும் பக்கத்தில் இருந்தார். எட்டுத் தறி வைத்திருக்கும் ஒருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். அவர் பாவு வரவில்லை என்கிறார். கம்ப்யூட்டரில் அனுப்பியாச்சு என்று இருக்கிறது. அதுவும் இரண்டாவது தடவை.

"ரெண்டு பாவு போயிருக்குதுங்க. வாங்கி எங்கியோ தள்ளிப்போட்டு, வரலீங்கறாரு" என்றார் மேனேஜர், அந்த மனிதரை எதிரில் வைத்துக்கொண்டே. "கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

குடோனுக்குப் போய் உருளைகளை எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் எண்ணவில்லை. கம்ப்யூட்டரே சொல்லும்போது குடோனுக்கு எதற்குப் போவது.

அந்தத் தறிக்காரர் பேசினார். சத்தம் போடவில்லை. "எந் தறி நாலு நாளாச் சும்மா நிக்குதுங்க. வந்து பாருங்க. எம் புள்ளைக மேல சத்தியமா வரலீங்க" என்றார். குரல் நடுங்கியது. மற்ற தறிக்காரர்களுக்கும் பாவு விட்டுப்போயிருக்கிறது, ஆனால் அவர்கள் போன் போட்டுக் கத்தி வாங்கிக்கொண்டார்கள் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இவர் கத்தத் தெரியாத ஆள். வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். காத்திருந்தவன் திருடனாகிவிட்டான்.

நான் அவளைப் பார்த்தேன், எதையும் ஒத்துக்கொள்ளாதே என்று கையைக் காட்டினேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, தப்பு எங்களுதுதானுங்க. அவுரு மேல ஒரு தப்பும் இல்லீங்க. எங்க சைட்டு தப்பாக் காட்டியிருக்குதுங்க. அவுரை ஊட்டுக்கு அனுப்பிச்சுருங்க."

"நிச்சயமாச் சொல்றீங்களா?" என்று வியாபாரி கேட்டார்.

"நிச்சயமுங்க."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறனுங்க."

எழுதியும் கொடுத்தாள். மெயிலில், தன் பெயரைப் போட்டு. அதைப் படித்த பிறகுதான் அந்த மனிதரை எழுந்து போக விட்டார்கள்.

நான் கத்தினேன். "சைட்டுல தப்புன்னு உனக்கு எப்புடித் தெரியும்? பாத்தியா?"

"பாக்கலீங்ணா. அந்தக் கொரலைக் கேட்டீங்களா?"

"அவன் நெசமாவே வித்திருந்தா?"

"வித்தவன் தறிய நிறுத்திப்போட்டு உக்காந்திருப்பானாங்ணா?"

எங்கள் முதலாளிக்கு விஷயம் போனது. அவர் அவளைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த நாள் நானும் அவளும் சோமனூர் போனோம்.

வியாபாரியின் ஆபீஸில், நாலைந்து பேர் இருக்க, மேனேஜர் வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்த்தோம். அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். "நீங்க எப்பவும் போலப் பண்ணுங்க, நாங்க சும்மா பாக்கறோம்" என்று அவரிடம் சொன்னாள்.

அந்தக் கம்ப்யூட்டரின் விசிறி அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்தையும் மீறி இரைந்தது. திரையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான் அந்த உதவியாளன். எங்கள் பக்கத்தில் புதுப் பெயர் ஒன்று வந்தால் போதும், அது முழுப் பக்கத்தையும் முதலிலிருந்து படித்து, "இந்தப் பக்கம் பாவு கோரிக்கைகளைப் பற்றியது" என்று சுருக்கம் எழுதும். பெயர்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அது படித்துக்கொண்டேதான் இருக்கும். அது படிக்கும்போதெல்லாம் திரை உறைந்துபோய் நிற்கும்.

மேனேஜர் பெயரைப் படித்தார். டெம்போக்காரரிடம் சொன்னார். பட்டனை அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. திரும்ப அமுக்கினார். கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்கு உயிர் வந்தது. முதல் அமுக்கலுக்கு முதல் பெயர் போனது, இரண்டாவது பெயர் அந்த இடத்துக்கு ஏறியது, காத்துக்கொண்டிருந்த இரண்டாவது அமுக்கல் அந்தப் பெயரின் மேல் விழுந்தது. அதுவும் போய்விட்டது. மேனேஜர் அதைப் படிக்கவே இல்லை, டெம்போக்காரரிடம் சொல்லவும் இல்லை. கம்ப்யூட்டரில் மட்டும் அனுப்பியாச்சு.

ஒரு தடவை அமுக்கியதும் பட்டனை அடைத்துவைக்கத் தெரியாதா என்று கேட்பவர்கள் கேட்பார்கள். அடைத்துத்தான் வைத்திருந்தேன். அடைத்தது அந்தப் பெயரின் பட்டனை. அதே இடத்துக்கு அடுத்த பெயர் தன் பட்டனோடு வந்து நின்றால் யார் என்ன செய்வது.

அவள்தான் முதலில் பார்த்தாள். என் சட்டையைப் பிடித்து இழுத்து, மெதுவாக, "ரெண்டு தடவை அமுத்தறாருங்ணா" என்றாள். அந்த உதவியாளனை அணைத்தாள். அதை அணைக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பதற்கே மூன்று மெனுவுக்குள் போக வேண்டியிருந்தது. அணைத்ததும் விசிறிச் சத்தம் அடங்கியது. பட்டன் தொட்டவுடன் வேலை செய்தது.

"ஆமா, இப்பச் சரியாப் போச்சு. ஒரு மாசமாச் சுத்திக்கிட்டே கெடந்துதுங்க" என்றார் மேனேஜர். "என்னவாம்?"

நான் வாயைத் திறந்தேன். அந்தத் தறிக்காரரைத் திருடன் என்று சொன்னது இவர். இரண்டு தடவை அமுக்கியதும் இவர். அதற்குக் காரணம் பிரவுசர். இதைச் சொன்னால் எல்லாம் முடிந்தது.

அவள் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லீங்க. எங்க பக்கந்தான் சின்னக் கோளாறு. சரி பண்ணியாச்சுங்க. இனி வராதுங்க."

வெளியே வந்ததும் கேட்டேன், நன்றாகத் திட்டியே கேட்டேன்.

"அத்தனை பேரு முன்னால, அவுரு ஆபீஸ்லயே வெச்சு, நீங்கதான் அமுத்தினீங்கன்னு எப்புடீங்ணா சொல்றது? பெரியவரு. நேத்து அந்தத் தறிக்காரரை உக்கார வெச்ச மாதிரி இன்னைக்கு இவுரை உக்கார வெப்பாங்க. நாளைக்குப் போன்ல பக்குவமாச் சொல்லிக்கலாம்."

நாளைக்கு என்று ஒன்று வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே முதலாளி அவளுக்குப் போன் செய்தார். அவள் செருப்பைக் கழற்றினாள், ரோட்டோரத்தில், வெயிலில். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வியாபாரி கோபமாக இருக்கிறார், சைட்டை வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுவேன் என்கிறார், தப்புச் செய்த ஆளை வேலையை விட்டு எடுத்துவிட்டோம் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன், அதனால்தான் அவர் இறங்கி வந்தார் என்றார். நீயே எழுதிக்கொடுத்திருக்கிறாயே அம்மணி, நான் என்ன செய்ய முடியும் என்றார்.

நான் போனைப் பிடுங்கினேன். காரணம் கண்டுபிடித்துவிட்டோம், பிரவுசர்தான் என்றேன்.

"நேத்து ஒத்துக்கிட்டு, இன்னைக்குப் பிரவுசருன்னு சொன்னா சாக்கு சொல்றோம்பாங்க. விடு. கஸ்டமரு இருக்காரில்ல, அது போதும்" என்று வைத்துவிட்டார்.

வியாபாரியின் ஆபீஸ் அங்கிருந்து கூப்பிடு தூரம். "வா, திரும்பிப் போயி அந்த மேனேஜர்கிட்டச் சொல்லலாம். அந்தச் சனியனைத் திரும்பப் போட்டே காட்டலாம்" என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "இப்பப் போனா, வேலை போயிருச்சுன்னு பேசறாம்பாங்க. அந்தத் தறிக்காரரு மேலயும் திரும்பச் சந்தேகம் வரும். நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்கன்னு. உடுங்ணா."

"உனக்கு வேலை வேண்டாமா?"

"வேணுந்தானுங்ணா" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பஸ் வந்தது. ஏறினோம்.

இன்று அவள் கோபியில் இருக்கிறாள். வேறு வேலை, கம்ப்யூட்டர் இல்லாத வேலை. நம்பர் என்னிடம் இருக்கிறது. எப்போதாவது பேசுவோம்.

ஆறேழு மாதம் கழித்து வேறொரு வேலையாக நான் சோமனூர் போனேன். அந்தத் தறிக்காரர் தன் தறிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். கம்பெனிப் பெயரைச் சொன்னதும் உள்ளே கூட்டிப் போனார். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன.

"அந்தப் புள்ளைய வேலைய உட்டு எடுத்துப்போட்டீங்களாமா. நல்லதுங்க" என்றார். "அது பண்ணுன தப்புனால எம் பொண்டாட்டி வெளிய தலை காட்டலீங்க. திருட்டுப் பாவுக்காரன்னு பேரு வெச்சுட்டாங்க. இன்னும் ரெண்டு பேரு அப்புடித்தான் கூப்புடறாங்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிரவுசர், உதவியாளன், உறைந்துபோன திரை, மேனேஜரின் விரல். தறிச் சத்தத்தில் கத்திக் கத்திச் சொன்னேன். அன்றைக்கு அவள் எதையும் பார்க்காமலேயே ஒத்துக்கொண்டாள், உங்களை வீட்டுக்கு அனுப்பத்தான் ஒத்துக்கொண்டாள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் டீ வந்தது. என் கையில் கொடுத்தார்.

"நீங்க நல்ல மனுசருங்க" என்றார். "கூட வேலை செஞ்ச புள்ளைய உட்டுக்குடுக்காமப் பேசறீங்க. ஆனா நான் அங்கதானுங்களே உக்காந்திருந்தன். தப்பு எங்களுதுன்னு அதுவே சொல்லுச்சு. எங் காதால கேட்டன். பண்ணாத தப்பை யாராச்சும் ஒத்துக்குவாங்களா?"

நான் டீயைக் குடித்தேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "அந்தப் புள்ளையப் பாத்தீங்கன்னா சொல்லுங்க. நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலை. மன்னிச்சுட்டன்னு சொல்லுங்க."

நான் இன்னும் சொல்லவில்லை.